எம்டனைத் தெரியும், மெட்ராஸைத் தெரியுமா?

எங்கள் அப்பாரு கடலைப் பார்த்தவர் இல்லை. பல்லடத்திலிருந்து மேற்கே கோயமுத்தூர், கிழக்கே கண்ணபுரம் மாட்டுச் சந்தை, அவ்வளவுதான் அவருடைய உலகம். ஆனால் மாட்டுத் தரகில் யாராவது கெட்டிக்காரத்தனமாகத் தலையில் மிளகாய் அரைத்துவிட்டால் வீட்டுக்கு வந்து, "அவன் பெரிய எம்டனாச்சே, அவங்கிட்டப் போயிச் சிக்கிட்டேன்" என்பார். எம்டன் என்பது கப்பல் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால், "போடா, அது ஆளு பேரு" என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் சுட்டது. அரைமணி நேரம், ஏறத்தாழ 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் இருட்டில் நழுவிவிட்டது. ஏழே வாரத்தில், நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடித்து நொறுக்கிக் கரைதட்ட வைத்தது. அரைமணி நேரம் வந்துபோன கப்பல் நூறு வருடத்துக்கும் மேலாக நம் வாயில் இருக்கிறது. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. 2006இல் "எம்டன் மகன்" என்று படம் எடுத்தார்கள். தமிழ்ப் பெயர் வைத்தால்தான் வரிவிலக்கு என்றதும் அது "எம் மகன்" ஆனது. நம் அப்பாருமார் வாயில் புழங்கிய சொல் சர்க்காருக்குத் தமிழாகத் தோன்றவில்லை போலிருக்கிறது.

(செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று இன்னும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அவர் அந்த மாதங்களில் சுவிட்சர்லாந்திலும் பிறகு பெர்லினிலும் இருந்தார். விட்டுவிடுவோம்.)

நான் இங்கே எழுத வந்தது எம்டனைப் பற்றி அல்ல. அதே 1914இல், அதே சென்னையை ஒட்டி, இன்னொரு கப்பல் இருந்தது. அதன் பெயரே "மெட்ராஸ்". அது யாரையும் சுடவில்லை. அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. அதை ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் சில வருடங்களுக்கு முன்பு வரை தெரியாது.

தறிக்குடோன் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "ஏனுங்க, பல்லடத்துல உக்காந்துக்கிட்டு கப்பலப் பத்தி எதுக்குங்க ஆராய்ச்சி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மிடம் இருப்பது காடாத் துணியும் கறிக்கோழியும். ஆனால் ஒன்று சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பிரிட்டிஷ் கடற்படை, நம் பக்கத்துச் சூலூர் விமானதளத்துக்கு "எச்.எம்.எஸ். வைரி" என்று கப்பல் பெயர் வைத்திருந்தது. கோவையில் இருந்த கடற்படை விமானப் பணிமனைக்கு "எச்.எம்.எஸ். கருடா". கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். ஆகவே பழைய பல்லடம் தாலுக்காவுக்குள்ளேயே ஒரு கப்பல் நின்றிருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. நண்பர் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். சரி, விஷயத்துக்கு வருவோம்.

"டாண்டா" என்பது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் பயணிகள் கப்பல். 6,956 டன். கிளாஸ்கோவில் லிண்ட்ஹவுஸ் என்ற இடத்தில் அலெக்சாண்டர் ஸ்டீபன் நிறுவனம் கட்டி 1914இல் முடித்தது. பெயிண்ட் வாசம் போவதற்குள் போர் வந்துவிட்டது. அப்போது மதராஸ் மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. மாகாணம் முழுவதும் "மதராஸ் போர் நிதி" திரட்டினார்கள். அந்த நிதியில் டாண்டாவை ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றி, "மெட்ராஸ்" என்று பெயர் சூட்டி அனுப்பினார்கள். கிழக்கு ஆப்பிரிக்கா, பிறகு மெசபடோமியா என்று போர் முடியும் காலம்வரை அது ஓடியது.

மாகாண நிதி என்றால் ராஜாக்களும் ஜமீன்தார்களும் வணிகர்களும் கொடுத்ததுதான் முதலில் கண்ணில் படும். கீழே எப்படி வசூலாகியிருக்கும் என்பதை நான் ஊகிக்கத்தான் வேண்டும், ஆனால் பெரிய ஊகம் இல்லை. கலெக்டர் தாசில்தாரிடம் சொல்வார், தாசில்தார் மணியக்காரரிடம் சொல்வார், மணியக்காரர் நம்மிடம் "விருப்பப்பட்டுக் குடுங்க" என்பார். கொடிநாள் நிதிக்குப் பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்தவர்களுக்கு அந்த "விருப்பம்" என்னவென்று தெரியும்.

பயணிகள் கப்பலை ஆஸ்பத்திரி ஆக்குவது என்றால் கட்டில் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் வகுப்புக் கேபின்களின் தடுப்புகளை உடைத்து எடுத்து நீள வார்டுகளாக்க வேண்டும். ஆபரேஷன் அறையைக் கப்பலின் நடுப்பகுதியில் அமைப்பார்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. கப்பல் சாய்ந்தாலும் நோயாளி சாயாதபடி சில கட்டில்களைத் தொங்கவிடுவார்கள். மருந்தறை, துணி வேகவைத்துக் கிருமி நீக்கும் இடம், சலவைக்கூடம், பிணவறை. இந்தியச் சிப்பாய்கள் வரும் கப்பல் என்றால் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சமையல். வெள்ளை அதிகாரிக்கும் வெள்ளைச் சிப்பாய்க்கும் இந்தியச் சிப்பாய்க்கும் தனித்தனி வார்டு. ரத்தம் ஒரே நிறம்தான், கட்டில்தான் வேறு வேறு. இதெல்லாம் போக, குடிதண்ணீர். சாதாரணப் பயணத்தைவிடப் பல மடங்கு வேண்டும். காயம் கழுவத் தண்ணீர், துணி துவைக்கத் தண்ணீர், வயிற்றுப்போக்குக்காரர்களுக்குத் தண்ணீர்.

வெளிப்பக்கத்துக்கும் சட்டம் உண்டு. 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைப்படி ராணுவ ஆஸ்பத்திரிக் கப்பல் முழுக்க வெள்ளை அடித்திருக்க வேண்டும். சுற்றிலும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பச்சைப் பட்டை. தனியாரோ தொண்டு அமைப்போ நடத்தும் கப்பலுக்குப் பச்சைக்குப் பதில் சிவப்புப் பட்டை. செஞ்சிலுவைக் கொடி பறக்க வேண்டும், ராத்திரியிலும் அடையாளம் தெரிய வேண்டும். மற்றக் கப்பல்கள் எல்லாம் விளக்கை அணைத்துவிட்டுத் திருடனைப்போலப் போகும்போது, இது மட்டும் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம் போட்டுக்கொண்டு போகும். ஆயுதமோ, சண்டைக்குப் போகும் சிப்பாயோ அதில் ஏறக் கூடாது. எதிரி சோதனை போட வந்தால் அனுமதிக்க வேண்டும்.

இது வெறும் காகிதச் சட்டமா என்றால், எப்போதும் அப்படி இல்லை. நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய விமானங்கள் ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும், வாம்பயர் என்ற ஆஸ்திரேலியக் கப்பலையும் மூழ்கடித்தன. ஹெர்மீஸில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது "வீட்டா". அதுவும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் 1914ஆம் வருடத்துப் பயணிகள் கப்பல்தான், வெள்ளை அடித்து ஆஸ்பத்திரியானது. விமானங்கள் அதைத் தொடவில்லை. தண்ணீரில் தத்தளித்த ஏறத்தாழ 600 பேரை அள்ளிக்கொண்டு வீட்டா கொழும்புக்குப் போனது. அன்றைக்கு அந்த வெள்ளை பெயிண்ட் வேலை செய்தது.

சரி, இந்தக் கம்பெனி எது? பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்று மேலே படித்ததுமே சிலருக்கு உறுத்தியிருக்கும். ஆமாம், அதுவேதான். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடி–கொழும்பு வழியில் "காலியா", "லாவோ" கப்பல்களை விட்டபோது எதிரே நின்றது இந்தக் கம்பெனிதான். டிக்கெட் விலையை அடிமட்டத்துக்குக் குறைத்தார்கள். இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுக்கப் பார்த்தார்கள். அதிலும் முடியாதபோது சர்க்கார் தன் கையைக் காட்டியது. 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். எந்தச் சிறை? நம் கோயமுத்தூர் சிறை. 1908 ஜூலையிலிருந்து 1910 டிசம்பர்வரை அங்கே இருந்தார். அங்கேதான் செக்கிழுத்தார். சுதேசிக் கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது வக்கீல் சன்னதும் இல்லை, கப்பலும் இல்லை.

இரண்டே வருடம் கழித்து, அவர் சென்னையில் குடும்பத்தை வைத்துக்கொண்டு சோற்றுக்குக் கஷ்டப்பட்ட காலத்தில், அதே கம்பெனியின் புதுக்கப்பலுக்கு மாகாணத்து மக்கள் காசில் "மெட்ராஸ்" என்று பெயர் வைத்தார்கள். தமிழர் பங்குப்பணம் போட்டு வாங்கிய கப்பலை ஓடவிடவில்லை. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் நன்கொடை கொடுத்த கப்பல் மட்டும் ஓடியது. அந்தப் பெயர் நம் நினைவில் ஒட்டாததற்கு இது ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. நமக்கு என்று கப்பல் கதை ஒன்றுதான், அது வ.உ.சி. கதை. அதற்குப் பக்கத்தில் இதை எங்கே வைப்பது?

இதை இத்தோடு முடித்துவிட்டால் சுலபம். வெள்ளைக்காரன் கப்பல், நமக்கென்ன என்று போய்விடலாம். ஆனால் அந்தக் கப்பலில் படுத்திருந்தவர்கள் யார்? 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறக்கிவிடப்பட்ட படையில் பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படை இருந்தது. அனுபவமில்லாத படை, நீண்ட கடல் பயணம், மோசமான திட்டம். மூன்று நாளில் தோற்றுத் திரும்பினார்கள். துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் இருபக்கமும் கொட்டியதாம், அதனால் "தேனீப் போர்" என்றே பெயர். மெசபடோமியாவுக்குப் போன இந்தியர்கள் சிப்பாய்களும் கூலிகளுமாக 6 லட்சத்துக்கும் மேல். மதராஸ் சாப்பர்களில் நம் மாவட்டங்களின் ஆட்கள் உண்டு. பட்டாளத்தில் அவர்களைத் "தம்பி" என்றே கூப்பிடுவார்கள். அவர்களில் ஒருவனுக்குக் காலில் குண்டடி பட்டால், பஸ்ராவிலிருந்து பம்பாய் வந்து சேர அவனுக்கு வ.உ.சி. கப்பலா, வெள்ளைக்காரன் கப்பலா என்ற கேள்வி இல்லை. கட்டில் இருக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

டாக்டர் இருந்தார். அதில் ஒருவர் டி.எம். நாயர். ஆமாம், நீதிக்கட்சி நிறுவனர்களில் ஒருவரான அதே டாக்டர் நாயர். மெட்ராஸ் கப்பலில் லெப்டினென்ட் பதவியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியிருக்கிறார். எனக்கு இந்தக் கப்பல் மேல் ஆர்வம் வந்ததே இவரால்தான். நாயர் எடின்பரோவில் படித்தவர், காது மூக்குத் தொண்டை நிபுணர், "ஆன்டிசெப்டிக்" என்ற மருத்துவப் பத்திரிகை நடத்தியவர். 1908இல் தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷனில் உறுப்பினராக இருந்து, மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் தனி அறிக்கை எழுதினார். வயதுவந்த ஆண் தொழிலாளியின் வேலை நேரத்துக்கும் சட்டம் வரம்பு கட்ட வேண்டும் என்பது அவர் வாதம். கோவையில் அப்போது ஸ்டேன்ஸ் மில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த அத்தனை மில்களையும் அவற்றின் சங்கொலியையும் நினைத்துப் பாருங்கள். அந்தத் தனி அறிக்கை நம் ஊர்க் கதையும்தான்.

நீதிக்கட்சியைத் திட்டுபவர்கள் நாயரை வெள்ளைக்காரன் பக்கம் நின்றவர் என்பார்கள். புகழ்பவர்கள் 1916 நவம்பரிலிருந்துதான் அவர் கதையைத் தொடங்குவார்கள். இரண்டு பேருமே கப்பலை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஐம்பதை நெருங்கிய மனிதர், சர்க்கரை நோயாளி வேறு, நல்ல வருமானமுள்ள தொழிலை விட்டுவிட்டுக் கப்பல் வார்டில் நின்றிருக்கிறார். அது ராஜபக்தியா, மருத்துவன் கடமையா? இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். 1919 ஜூலை 17 அன்று லண்டனில் இறந்தார். போர்ப் பதக்கம் அவர் இறந்த பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரிக் கப்பல் நல்ல காரியம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஏன் என்பதற்கு, பஸ்ராவில் நின்ற இன்னொரு கப்பலின் கதை. அதன் பெயர் "வரேலா". வீட்டாவுக்கு உடன்பிறப்பு, அதே கம்பெனி. அதன் மருத்துவப் பொறுப்பில் மேஜர் மார்க்கம் கார்ட்டர் என்ற இந்திய மருத்துவப் பணி அதிகாரி இருந்தார்.

1915 நவம்பர் 22 அன்று பாக்தாத்துக்குத் தெற்கே டெசிபோனில் சண்டை. பிரிட்டிஷ்–இந்தியப் படையில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் சேர்த்து 4,000க்கும் மேல். மருத்துவ ஏற்பாடு இருந்ததோ சில நூறு பேருக்கு. ஸ்பிரிங் இல்லாத மாட்டுவண்டிகளிலும் கோவேறு கழுதை வண்டிகளிலும் அவர்களைப் போட்டு டைகிரிஸ் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். உடைந்த தொடை எலும்போடு அந்த வண்டியில் வருவதை யோசித்துப் பார்க்கக்கூட எனக்கு விருப்பமில்லை. பிறகு ஆற்றுப் படகுகள். வெறும் தளத்தில், மழையில், கூரையில்லாமல், நாள்கணக்கில்.

ஒரு மாலை, "மெஜிதியே" என்ற ஆற்றுக் கப்பல் இரண்டு பக்கமும் பெரும்படகுகளைக் கட்டிக்கொண்டு பஸ்ராவுக்கு வருவதைக் கார்ட்டர் வரேலாவிலிருந்து பார்க்கிறார். கப்பல் பக்கவாட்டில் கயிறு கயிறாக ஏதோ தொங்குவது போலத் தெரிகிறது. நெருங்கி வந்தபின்தான் தெரிகிறது அது கயிறு இல்லை. வயிற்றுக்கடுப்பு வந்தவர்கள் எழுந்து போக முடியாமல் கிடந்த இடத்திலேயே கழித்தது, தளத்திலிருந்து வழிந்து காய்ந்து தொங்கியது. மேலே மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். கட்டுகள் பல நாளாகப் பிரிக்கப்படவில்லை. புண்ணில் புழு. உடைந்த காலுக்கு மரச்சட்டம் வைக்கக்கூட ஒன்றும் கிடைக்காமல் சிலருக்கு விஸ்கிப் பெட்டிப் பலகையைக் கட்டியிருந்தார்கள்.

பஸ்ராவிலிருந்து மேலிடத்துக்குப் போன தந்தி என்ன சொன்னது தெரியுமா? காயம்பட்டவர்கள் திருப்திகரமாகக் கவனிக்கப்பட்டுவிட்டார்கள் என்று.

கார்ட்டர் சும்மா இருக்கவில்லை. பார்த்ததை எழுதினார், புகார் செய்தார். மேலதிகாரிகள் அவரைக் கூப்பிட்டுக் கைது செய்வோம், கப்பலிலிருந்து தூக்குவோம் என்று மிரட்டினார்கள். அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கினார். ஆனால் விஷயம் அமுங்கவில்லை. விசாரணைக் கமிஷன் வந்தது. கார்ட்டர் அங்கே சாட்சி சொன்னார். 1917 கோடையில் மெசபடோமியா கமிஷன் அறிக்கை லண்டனில் வெளியானது. இந்தியாவுக்கான மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின் ராஜினாமா செய்தார். அந்த இடத்துக்கு வந்தவர் எட்வின் மாண்டேகு. அதே வருடம் ஆகஸ்டில் அவர் இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்று அறிவித்தார். அந்தச் சீர்திருத்தத்தில்தான் 1920இல் சென்னையில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. நாயர் அதைப் பார்க்க இல்லை.

நன்கொடைக் கப்பலின் பிரச்சினை இங்கேதான் எனக்குப் புரிந்தது. மெட்ராஸ் போன்ற கப்பல்கள் கடல் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று, தொங்கு கட்டிலோடு, தனிச் சமையலோடு தயாராக நின்றன. போர்க்களத்துக்கும் அந்தக் கப்பலுக்கும் நடுவே இருந்த நீண்ட ஆற்றுக்குத்தான் படகும் இல்லை, வண்டியும் இல்லை, கட்டுத்துணியும் இல்லை. அதைச் செய்ய வேண்டியது சர்க்கார். ராணுவச் செலவைக் குறைக்கிறேன் என்று சர்க்கார் அந்த இடத்தில் கையை மூடிக்கொண்டது. கப்பல் என்றால் பெயர் வைக்கலாம், புகைப்படம் எடுக்கலாம், சீமாட்டிகள் வந்து வழியனுப்பலாம். ஆற்றுப்படகுக்கு யார் பெயர் வைப்பார்கள்? இன்றைக்கும் திறப்புவிழா நடக்கும் கட்டடத்துக்கு நிதி கிடைக்கிறது, உள்ளே பஞ்சும் துணியும் வாங்கக் கிடைப்பதில்லை.

அதற்காக மெட்ராஸ் வீண் என்று சொல்ல மாட்டேன். அதில் ஏறி ஊர் திரும்பிய ஒருவனுடைய பேரனாக நான் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

போர் முடிந்தபின் வெள்ளையைச் சுரண்டிவிட்டு, "மெட்ராஸ்" என்ற பெயரையும் அழித்துவிட்டு, கப்பல் மறுபடி டாண்டா ஆனது. மறுபடி டிக்கெட், மறுபடி சரக்கு, இருபது வருடத்துக்கும் மேல். இரண்டாம் உலகப் போரில் அதற்கு வெள்ளை பெயிண்ட் இல்லை. பச்சைப் பட்டை இல்லை. 1944 ஜூலை 15 அன்று துணைக்கப்பல் எதுவுமில்லாமல், கொழும்பிலிருந்து பம்பாய் நோக்கி மேற்குக் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது, மங்களூருக்கு வடமேற்கே யூ-181 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதை டார்பிடோவால் அடித்தது. கேப்டன் பெயர் குர்ட் ஃபிரைவால்ட். பெரும்பாலானோர் பிழைத்துக்கொண்டார்கள். நீர்மூழ்கி ஆகஸ்டில் பினாங்கு போய்ச் சேர்ந்தது. கப்பல் இன்றும் அங்கேதான் கிடக்கிறது, 13 டிகிரி 22 நிமிட வடக்கு, 74 டிகிரி 9 நிமிடக் கிழக்கு.

போன மாதம் மங்களூர் பக்கம் போகிற லாரி டிரைவர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டு தடவையும் அடிச்சது ஜெர்மன்காரந்தானுங்களா? சரியான எம்டனுங்க" என்றார்.